கினி பிக்குக்குப் பதினாலு நகம்

நீங்களே சொல்லுங்கள், பிள்ளை ஆசைப்பட்டது என்று வீட்டுக்குள் வந்த பிராணியை மூன்றாம் வாரத்துக்கு அப்புறம் எந்தப் பிள்ளையாவது பார்த்துக்கொண்டிருக்கிறதா? தண்ணீர் வைப்பது நீங்கள். புழுக்கை வாருவது நீங்கள். காய்கறி வண்டிக்காரரிடம் "கொஞ்சம் கொத்தமல்லி சேத்துப் போடுங்கண்ணா" என்று பல்லைக் காட்டுவதும் நீங்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு நாள் அதன் நகம் அரிவாள் மாதிரி வளைந்து, நடந்தால் தரையில் டிக் டிக் என்று கேட்கும் பாருங்கள், அன்றைக்கு நீங்களும் நானும் ஒரே கட்சி. கினி பிக்குக்கு நகம் வெட்டுவது என்பது, பயந்துபோன ஒரு உருளைக்கிழங்கைச் சமாதானப்படுத்தி அதன் ஓரத்தைச் சீவுகிற தொழில்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது எதிர்வீட்டுக்காரர் புண்ணியத்தில். போன வருஷம் அவருக்கு வடக்கே மாற்றலானது. பீரோவை லாரியில் ஏற்றினார்கள், கட்டிலை ஏற்றினார்கள். கூண்டை மட்டும் என் மகள் நித்யா கையில் கொடுத்து "சமத்தா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். உள்ளே லட்டு. எலியைவிடப் பெரிசு, முயலைவிடச் சின்னது, வால் கிடையாது. எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டு எங்கள் பெரிய மாமா ஜாடையில் இருக்கும். அதற்கு நகம் வெட்டத்தான் ராஜகீழ்ப்பாக்கம் ரோட்டில் இருக்கிற பிராணி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டரம்மா இன்னொருவருடைய கினி பிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எருமை வாயைப் பிளந்து மருந்து ஊற்றுகிற கை அது. முக்கால் கிலோ பிராணியிடம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கினி பிக்கின் கீச்சல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது. "குடுங்க டாக்டர்" என்று வாங்கினேன். துண்டில் சுற்றி, அதன் முதுகு என் வயிற்றோடு ஒட்டுகிற மாதிரி மடியில் உட்கார வைத்து, நெஞ்சை அழுத்தாமல் கீழே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். வாயில் ஒரு கொத்தமல்லித் தண்டு. சத்தம் நின்றுபோனது. "நீ எங்க டிரெயினிங் எடுத்த?" என்றார். "வீட்லதான் டாக்டர். எம் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ இதைவிட உதைக்கும்" என்றேன்.

வேலை கிடைத்தது, ஒரு மாசம் மட்டும். "பார்க்கலாம் செல்வி. ஒரு சொட்டு ரத்தம் வந்து, கொண்டாந்தவங்க ஹால்ல நின்னு சத்தம் போட்டாங்கன்னா அன்னிக்கே அனுப்பிடுவேன். இருக்கிற பேஷண்ட்டே கம்மி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் படித்தது மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும். நித்யாவின் ஸ்கூல் ஃபாரத்தில் 'தாயாரின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒவ்வொரு வருஷமும் ஒரு கோடு இழுத்துக் கொடுத்துவிட்டு வருவேன். அந்தக் கட்டத்தில் எதையாவது எழுத வேண்டும் என்று எனக்கு வெறி. ரத்தமில்லாமல் ஒரு மாசம் ஓட்டினால் எழுதலாம்.

கணக்கு வாத்தியாரின் சந்தேகம்

முதல் வாரமே மாடம்பாக்கத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். பிளாஸ்டிக் கூடையில் வெள்ளைக் கினி பிக், மேலே வேட்டித் துண்டு. வெள்ளை நகம் என்றால் நமக்கு யோகம். உள்ளே ரோஸ் கலரில் ரத்தம் ஓடுகிற கோடு கண்ணாடி மாதிரித் தெரியும். அந்தக் கோடு முடிகிற இடத்துக்கு ஒரு அரிசி முனை அளவு தள்ளியே வெட்டிவிட வேண்டும். ஆசைப்பட்டு ஒட்ட வெட்டக் கூடாது. நான் வெட்ட வெட்ட அவர் எண்ணினார். பக்கத்தில் நின்று யாராவது எண்ணினால் எனக்குத் தோசையே வட்டமாக வராது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துத் துண்டை அவிழ்த்தேன்.

"ஏம்மா, மிச்சம் ஆறு?" என்றார். எந்த ஆறு என்று எனக்குப் புரியவில்லை. "நாலு காலு. காலுக்கு அஞ்சு. நாலஞ்சு இருபது. நீ பதினாலோட நிறுத்திட்டியே" என்றார். முன்காலில் நாலு நாலு, பின்காலில் மூணு மூணு, ஆண்டவன் இதற்குக் கொடுத்தது அவ்வளவுதான் என்று பிரித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்து, இரண்டு தடவை கூட்டினார். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து மனசே இல்லாமல் சொன்னார்: "கூட்டல் சரியாத்தாம்மா வருது. ஆனா அந்தக் கடைக்காரன் முழுசுன்னு சொல்லித்தானே குடுத்தான்?"

வெள்ளிக்கிழமையும் அதுவுமா

டாக்டரம்மா திங்கள், புதன், வியாழன் மூன்று நாளும் ஸ்கூட்டரில் மாட்டு வீடுகளுக்குச் சுற்றுவார். சனிக்கிழமை நாயும் ஆடும். ஆகவே வாத்தியார் வந்துபோன பிறகு சின்னப் பிராணிகளுக்குச் செவ்வாய், வெள்ளி என்று போர்டு எழுதி மாட்டினார். படித்தவர், யோசிக்காமல் மாட்டிவிட்டார். இந்தத் தாம்பரத்தில் எந்தக் குடும்பத்தில் செவ்வாய், வெள்ளி நகம் வெட்டுவார்கள்? முதல் வெள்ளிக்கிழமை ஹாலில் ஏழு கூடை. ஏழு பேரும் எடை பார்த்தார்கள், பல்லைப் பார்க்கச் சொன்னார்கள். நெயில் கட்டரை எடுத்ததும் "இருக்கட்டும்மா, இன்னொரு நாள்" என்று கூடையை மூடினார்கள். உண்மையைச் சொன்னால் என் கையும் எழவில்லை. "அதுக்கு வெள்ளிக்கிழமைன்னு தெரியுமா செல்வி?" என்று டாக்டரம்மா கத்தினார். "அதுக்குத் தெரியாது டாக்டர். லட்சுமிக்குத் தெரியுமே" என்றேன்.

அப்போது மூலையிலிருந்து கப்பல் சார் தொண்டையைச் செருமினார். கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எங்கள் தெருவில் வீடு கட்டியவர். அவர் கூடையில் கமலா என்று ஒரு கினி பிக். "டாக்டர், இது எந்த ஊர்ப் பிராணி?" என்று கேட்டார். தென்னமெரிக்கா, பெரு நாட்டுப் பக்கம் என்றார் டாக்டரம்மா. கப்பல் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கண்ணை மூடி, விரலை மடக்கினார். "பெருவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். அங்க இன்னும் வியாழக்கிழமை ராத்திரிதான்."

மூடின கூடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நீல நூல்புடவை கட்டின ஒரு மாமி மட்டும் விடவில்லை. "ராத்திரின்னா? விளக்கு வெச்சப்புறம் நகம் வெட்டலாமோ?" கப்பல் சார் அசரவில்லை. "பதினோரு மணி ஆச்சு மாமி. விளக்கெல்லாம் அணைச்சுட்டுப் படுத்திருப்பா." மாமியும் விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு தன் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். "அப்ப ஏன்டீம்மா நின்னுண்டிருக்கே, வெட்டு, வெட்டு! நமக்குப் பத்தரை அடிச்சா அங்க வெள்ளிக்கிழமை பொறந்துடும்!"

மேலே பிளேன், கீழே நகம்

அதிலிருந்து செவ்வாய், வெள்ளி என்றால் ஒன்பதரைக்கே கூட்டம். பத்தரைக்குள் அத்தனையும் முடிக்க வேண்டும். எனக்கு உதவிக்கு வந்தது தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம். நம் ஏரியாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், காலையில் மாடித் துணியை உரசுகிற மாதிரிப் போகும். தலைக்கு மேல் ஏதாவது பறந்தால் கினி பிக்குக்குக் கழுகு என்று நினைப்பு. கல்லாட்டம் அசையாமல் உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் கிட், கிட் என்று இரண்டு நகம். அப்புறம் தடவிக் கொடுத்து ஒரு கொத்தமல்லி இலை. ரொம்பப் பயந்த பிராணியாக இருந்தால் அதையும் செய்யமாட்டேன். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு என்று வீட்டிலேயே வெட்டச் சொல்லி அனுப்பிவிடுவேன். அவசரப்பட்டு ஒரே நாளில் முடிக்க இது ஒன்றும் பரீட்சை இல்லை.

சேலையூரிலிருந்து வந்த ஒரு அம்மா இந்த வேடிக்கையை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை கூடவே குடையையும் கொண்டுவந்தவர், மேகத்தைப் பார்த்துக் கவலையாகக் கேட்டார்: "ஏங்க, மழை வந்து பிளேன் வரலைன்னா உங்களுக்கு லீவா?"

வளைகாப்பு

ஒரு செவ்வாய்க்கிழமை கூடையைத் திறந்தேன். வெள்ளைக் கினி பிக், பதினாலு நகமும் செக்கச்செவேல். ரத்தமோ என்று ஒரு கணம் என் வேலையே கண்முன்னால் பறந்துபோனது. மோந்து பார்த்தால் மருதாணி. கொண்டுவந்தது கூட்டுக் குடும்பத்து மருமகள் ஒருத்தி. "மாசமா இருக்குங்க. போன ஞாயித்துக்கிழமை வளைகாப்பு பண்ணோம்" என்றாள், வெட்கத்தோடு. வளையல் போட முடியாததால் மருதாணியோடு நிறுத்திக்கொண்டார்களாம். கழுத்தில் இருந்த சின்ன மல்லிகைச் சரத்தை அதுவே சாப்பிட்டுவிட்டதாம்.

மருதாணிக்கும் ரத்தத்துக்கும் ஒரே கலர். கோடு எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? பென் டார்ச்சை நகத்துக்கு அடியில் பிடித்து, நிழல் மாதிரித் தெரிந்த இடத்தை வைத்து, ரொம்ப நீளமாக இருந்த இரண்டை மட்டும் மேசையிலேயே உட்கார வைத்து நுனி தட்டினேன். மாசமாக இருப்பதை மடியில் போட்டு அமுக்கக் கூடாது. மிச்சம் பிரசவத்துக்கு அப்புறம் என்று சொன்னேன். இதற்கு யாரம்மா இவ்வளவு செய்தது என்று கேட்டதற்கு அவள் குரலைத் தாழ்த்தினாள்: "எங்க மாமியார்தாங்க. எங்க நாத்தனார் வளைகாப்புக்கு அஞ்சு வகை சாதம். இதுக்கு ஏழு வகைக் கீரை. அந்தக் கோவத்துல நாத்தனார் இன்னும் போனே பண்ணலை."

காபித்தூள்

பெருங்களத்தூர்க்காரர் ஒருவர் வீட்டிலேயே துணி வெட்டுகிற கத்திரிக்கோலால் முயற்சி பண்ணிவிட்டார். ரத்தம் வந்ததும் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். கடைசியில் ஜெயித்தது காபித்தூள். அப்பி எடுத்துவிட்டார்கள். கூடையைத் திறந்ததும் ஹால் பூராவும் டிகாக்‌ஷன் வாசனை. கினி பிக் அந்தக் காலை நக்கி நக்கி, கண்ணைக் கொட்டாமல் கூடைக்குள் பிரதட்சணம் வந்துகொண்டிருந்தது. காலைக் கழுவித் துடைத்துவிட்டு அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நகத்தில் ரத்தம் வந்தால் மைதாவோ சோளமாவோ தொட்டு, ஒரு நிமிஷம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா, நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபி எதுவும் வேண்டாம். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்: "எங்க வீட்ல சிக்கரி கலக்கறதே இல்லம்மா. அதான் இந்த ஓட்டம் ஓடுது."

பிராணி: பன்றி. பெயர்: கமலா

ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் பெயர், விலாசம், பிராணி என்று கட்டங்கள். எழுதுவது என் வேலை. முதல் நாள் அழகாக 'கினிப் பன்றி' என்று எழுதினேன். கட்டம் சின்னது. கூட்டம் சேரச் சேர கினியை விட்டுவிட்டேன். பன்றி, பன்றி, பன்றி என்று பக்கம் பக்கமாக ஓடியது. அந்தச் சமயம் பார்த்து ஏரிப் பக்கம் திரிகிற பன்றிகளைப் பிடிக்க கார்ப்பரேஷன் ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, இந்தப் பக்கம் யார் யார் பன்றி வளர்க்கிறார்கள் என்று கேட்டார். டாக்டரம்மா மாடு பார்க்கப் போயிருந்தார். பொது நல வேலைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினேன். விலாசம் எழுத என் பேனாவையும் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கப்பல் சார் வீட்டு வாசலில் டிராக்டர். சுருக்குக் கயிறு, வலை, மூணு ஆள். "பன்னிய வெளிய வுடு சார்" என்கிறார்கள். "எங்க வீட்ல வெங்காயமே கிடையாது, பன்னியா?" என்று அவர் வீட்டம்மா பூஜை மணியோடு வெளியே வந்துவிட்டார். தெரு முழுக்க மாடியில் நின்று பார்த்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் கமலாவை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பிடிக்க வந்தவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து என் மேசையில் வலையைப் போட்டார். "இன்னாமா எழுதிகீற? பன்னின்னு போட்டுகீது, போய்ப் பாத்தா பூனக்குட்டி சைஸ்ல ஒண்ணு கொத்தமல்லி துன்னுகினு கீது! இத்தப் புடிக்க மூணு ஆளு, ஒரு டிராக்டரு! எங்க ஆளுங்க மூஞ்சில நா எப்டிமா முழிக்கிறது? செம பேஜார் பண்ணிட்டியே!"

பின்னாலேயே கப்பல் சாரும் வந்து அவர் பங்குக்கு இங்கிலீஷில் கொட்டினார். பாதி எனக்குப் புரியவில்லை என்பது என் நல்ல நேரம். எல்லாரும் போனபின் டாக்டரம்மா ரிஜிஸ்டரை மூடினார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியாத ஒரு முகம். "சத்தம் வந்துடுச்சு செல்வி. ரத்தம் வரலை. பாதிதான் ஆகியிருக்கு, அதனால விடறேன். மீதிப் பாதியை வர விடாத."

நக செக்‌ஷன்

என் வீட்டுக்காரர் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. 'என் சம்சாரம் எலிக்கு நகம் வெட்டுகிறாள்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஆஸ்பத்திரில இருக்கா. நக செக்‌ஷன்" என்று சொல்லி வைத்திருந்தார். பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை ஹாலுக்கு வந்து பார்த்தால், அவருடைய பெரியம்மா பையன் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறான். கால் கட்டைவிரலில் நகம் சதைக்குள் வளர்ந்து பெரிய கட்டு. ஒரு பக்கம் ஜமுனாபாரி ஆடு, இன்னொரு பக்கம் நாக்கைத் தொங்கப் போட்ட நாய், நடுவில் இவன், கையில் டோக்கன். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். போர்டைத் திரும்பிப் படித்தான். ஆட்டைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. "பரவால்ல அண்ணி, பஸ்ஸு பிடிச்சு வந்தது வந்துட்டேன். ஆட்டுக்கு அப்புறம் ஒரு எட்டு எனக்கும் பாத்துடச் சொல்லுங்களேன்."

ஒன்பதாவது நகம்

மாசம் முடிய ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பாக்கி. அன்றைக்குப் பார்த்து பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வந்தார். ரிட்டையர் ஆகியும் குரல் ரிட்டையர் ஆகவில்லை. அவர் உள்ளே நுழைந்ததும் ஹாலில் இருந்த ஆண்கள் எல்லாரும் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். அவருடைய கினி பிக் உடம்பெல்லாம் கறுப்பு, பெயர் கோலி. நகமும் கறுப்பு. கறுப்பு நகத்தில் ரோஸ் கோடெல்லாம் தெரியாது. டார்ச்சை அடியில் பிடித்து, துளித் துளியாகத்தான் வெட்ட வேண்டும். இதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு டார்ச்சை எடுக்கவில்லை. மறதி இல்லை, திமிர். இருபத்தைந்து நாள் ஒரு சொட்டு வராமல் வெட்டின கை, பார்க்காமலே வெட்டும் என்று நினைப்பு. எட்டு நகம் வெட்டியும் விட்டது. ஒன்பதாவதில் கிட் என்ற சத்தமே வேறு மாதிரி இருந்தது. கோலி போட்ட கூச்சலில் வாசலில் நின்ற நாய் குரைத்தது. என் கட்டைவிரல் ஈரமாகியது.

"செல்வி, என்ன சத்தம்?" உள்ளேயிருந்து டாக்டரம்மா. நான் எப்போதும் மெரூன் துண்டுதான் வைத்திருப்பேன், ரத்தம் அதில் தெரியாது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார். 'அதுக்குக் கூச்சம்' என்கிற இரண்டு வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லியும் இருப்பேன். மைதா டப்பா அந்த அம்மாவின் தலைக்கு மேலே, அலமாரியில் இருந்தது. பொய் சொன்னால் மைதா இல்லை. மைதா இல்லாவிட்டால் கோலி காலில் ரத்தம் நிற்காது. மடியில் அது வெடவெடவென்று நடுங்குவது என் வயிற்றில் தெரிந்தது. "ரத்தம் வந்துடுச்சு டாக்டர். என் தப்பு. டார்ச் பிடிக்கலை. அம்மா, உங்க தலைக்கு மேல மைதா டப்பா இருக்கு, சட்டுனு எடுங்க!"

அவரை யாரும் வேலை வாங்கி முப்பது வருஷம் இருக்கும். திகைத்துப்போய் எடுத்துக் கொடுத்தார். மாவைத் தொட்டு அழுத்திப் பிடித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிஷம் எண்ணினார். எடுத்துப் பார்த்தேன், லேசாகக் கசிந்தது. இன்னொரு நிமிஷம் பிடித்தேன், நின்றுவிட்டது. கோலி கொத்தமல்லியை மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குக் கோபம், நியாயம்தான். டாக்டரம்மா கதவருகில் நின்றிருந்தார். ஹால் மொத்தமும் என்ன நடக்கப் போகிறது என்று பார்த்தது. "சாரி மேடம். நீங்க என்ன சொல்லணும்னாலும் சொல்லிடுங்க" என்றார் டாக்டரம்மா.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எதுக்குச் சத்தம் போடணும்? அதான் அது போட்டுடுச்சே" என்றார். பிறகு தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். "என் கை வெட்டினா ஒவ்வொரு தடவையும் நாலு நகத்துல ரத்தம் வரும். வீட்ல யார்கிட்டயும் சொன்னதில்ல. கொண்டா அந்த டார்ச்சை, நான் பிடிக்கிறேன். இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு, கோலி ஒத்துக்கிட்டா மெதுவா வெட்டு."

கோலி ஒத்துக்கொள்ளக் கால் மணி நேரமானது. அஞ்சும் வெட்டியாயிற்று. கூட்டம் கலைந்த பிறகு, டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மா மேசை முன்னால் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமை வருவதா வேண்டாமா என்று கேட்டேன். அவர் வெள்ளைக் கோட்டின் கையை மெதுவாகச் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பூனை கீறின கோடுகள், பழசும் புதுசுமாக. இந்தத் தொழிலில் வேலை நிரந்தரமாவது என்றால், கையில் இருக்கிற நகத்தைவிடக் கூரான நகத்துக்கு மாற்றலாவது என்று அர்த்தம். டாக்டரம்மா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை வரும்போது முழுக்கை ரவிக்கை போட்டுட்டு வா செல்வி. இனிமே பூனைக்கும் நீயே வெட்டிடும்மா, ப்ளீஸ்."